கூட யாரு வந்திருக்காங்க?

நீலக்கல்புதூர் பால் சங்கத்தில் விடிந்ததும் இரண்டு வரிசை நிற்கும். ஒன்று பாலுக்கு, இன்னொன்று மூச்சுக்கு. கேனில் இருந்து பாலை ஊற்றினால் ஒரு கருவி கொழுப்பு எவ்வளவு என்று சொல்லும். பக்கத்துச் சுவரில் பதித்த இன்னொரு கருவியின் குழலில் வாயை வைத்து ஊதினால், ஊதியவரின் உடம்புக்குள் எங்காவது புற்று முளைவிட்டிருக்கிறதா என்று அது பார்த்துக்கொள்ளும். பச்சை விளக்கு எரியும். ஊதியவர் காலிக் கேனைத் தூக்கிக்கொண்டு, எதிர்வீட்டு மருமகளைப் பற்றிப் பேசியபடி வெளியே போவார். பல் துலக்குவதற்கும் காப்பி குடிப்பதற்கும் நடுவில் முடிந்துவிடுகிற வேலை அது.

கருவியின் பெயர் மூச்சுமானி. கெட்டுப்போகத் தொடங்கிய உயிரணு ஒருவித ஆவியை வெளிவிடும். முளை கடுகளவு இருக்கும்போதே அந்த வாடை இரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியாக மூச்சில் ஏறிவிடும். மனித மூக்குக்கு அது எட்டாது. நாய் மூக்குக்கு எட்டும், ஆனால் நாய் சொன்னால் யார் கேட்கிறார்கள்? ஏழு நாட்டு மருத்துவர்கள் சேர்ந்து 'முளைகாண் கூட்டாய்வு' என்று ஒன்றைத் தொடங்கி, இந்தக் கருவியைச் செய்தார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் படுக்க வைத்த பிறகு புற்றைக் கண்டுபிடிப்பதில் பெருமை ஒன்றும் இல்லை, சளிக்கும் காய்ச்சலுக்கும் ஜனங்கள் வந்து போகிற ஆரம்ப சுகாதார நிலையத்தின் எல்லையிலேயே அதைப் பிடிக்க வேண்டும் என்பது அவர்கள் கட்சி. நார்வேக்காரர்கள் கருவியை நூலகத்தில் வைத்தார்கள். கென்யாவில் சந்தை வாசலில் வைத்தார்கள். இந்த ஊரில் பால் சங்கத்தில் வைக்கச் சொன்னது டாக்டர் மகிழினி. நம்ம ஜனங்கள் உயிருக்கு என்றால் வரமாட்டார்கள், பாலுக்கு என்றால் வருவார்கள் என்று அவள் அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

மகிழினி என்று பேர் வைத்த பெற்றோர் நல்ல நம்பிக்கையோடுதான் வைத்திருப்பார்கள். ஊர் வைத்த பேர் காரச்சட்னி. சர்க்கரை நோயோடு ஜிலேபி தின்றவனை, குழந்தைக்குத் தடுப்பூசி போட மறந்தவளை, மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவரை அவள் திட்டுவது பேருந்து நிறுத்தம் வரைக்கும் கேட்கும். கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும் என்று ஊர் அதையும் பொறுத்துக்கொண்டது. அவள் கையில் வந்த புற்றுநோயாளிகளில் பாதிப் பேர் இன்னும் வெற்றிலை போட்டுக்கொண்டு திரிந்தார்கள் என்பதும் ஊருக்குத் தெரியும்.

அதற்கு அவள் வைத்திருந்த முறை ரொம்ப எளிது. புற்று என்று தெரிந்தால் நோயாளியிடம் சொல்லமாட்டாள். "கூட யாரு வந்திருக்காங்க?" என்று கேட்பாள். கூட வந்தவர் உள்ளே வந்ததும், "நீங்க போய் எடை பாத்துட்டு வாங்க கண்ணு" என்று நோயாளியை வெளியே அனுப்புவாள். எடை பார்க்கும் தராசு கட்டடத்தின் மறுகோடியில் இருந்தது. அதை அங்கே கொண்டுபோய் வைத்ததும் அவள்தான். நோயாளி தராசில் ஏறி இறங்கித் திரும்புவதற்குள், கூட வந்தவருக்கு விஷயம் சொல்லியாகிவிடும். அவர் 'நல்ல நாள் பாத்து', 'அறுப்பு முடியட்டும்' என்று ஏதாவது ஆரம்பிப்பார். அங்கேதான் காரச்சட்னி பரிமாறப்படும். அந்தத் திட்டு வாங்கியவர் யாரும் அடுத்த நாள் காலைக்குள் கோயம்புத்தூருக்கு வண்டி ஏறாமல் இருந்ததில்லை. திரும்பி வரும் நோயாளியிடம், "சின்னக் கட்டிதான், எடுத்துட்டாச் சரியாப்போயிரும்" என்பாள். முகத்தில் ஒரு கோடு அசையாது.

மூச்சுமானி வந்த முதல் வருடம் அது ஊதியவரிடமே நேராகச் சொல்லிவிடும். ஒருவருக்குப் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது போன் வந்தது. இன்னொருவர் விஷயத்தைக் கேட்டதும் கருவியைப் பெயர்த்தெடுத்துக் கிணற்றில் போட்டார். ஊதுவதற்கே ஆள் வரவில்லை. இப்படிச் சொன்னால் ஆகாது, அந்தந்த நாட்டில் ஜனங்கள் நம்புகிற ஒரு மருத்துவரிடம் பேசும் விதத்தைக் கருவி கற்றுக்கொள்ள வேண்டும் என்று கூட்டாய்வில் முடிவானது. தமிழுக்கு மகிழினியைத் தேர்ந்தெடுத்தார்கள். பல வருடம் அவள் அறையில் நடந்த பேச்சு முழுவதும் பதிவாகி மூச்சுமானிக்குப் பாடமாகப் போனது. பச்சை விளக்கு எல்லோருக்கும் எரியும், வரிசையில் நிற்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டாம். விஷயம் இருந்தால் பின்னால் போன் வரும். வருகிற குரல் மகிழினியின் குரல்தான். அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் உண்டு.

இப்படிப்பட்டவளுக்குச் சில மாதமாக ஒரு விசித்திரமான குறை. அவளோடு யாரும் சண்டை போடுவதில்லை. சாம்பாரில் உப்புக் குறைந்ததற்கு அரை மணி நேரம் வாதாடக்கூடிய அவள் கணவன் கவின், இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் "சரி மகி" என்கிறான். தாமதமாக வருகிற நர்ஸ் ரிதன்யாவைத் திட்டினால் அவள் பதிலுக்கு முணுமுணுக்காமல் இளநீர் வெட்டிக்கொண்டு வந்து வைக்கிறாள். வயிற்றில் பிள்ளையோடு கோயம்புத்தூரில் இருக்கும் மகள், மாதம் ஒருமுறை பேசுவதே அதிசயம், தினமும் பேசுகிறாள். தன் கோபத்துக்கு ஊரே ஒருவழியாகத் திருந்திவிட்டது என்று மகிழினி எடுத்துக்கொண்டாள்.

அன்று காலை தன்ஷிகா வந்தாள். தென்னந்தோப்புகளுக்கு மருந்தடிக்கும் பறக்கும் கருவிகளை வாடகைக்கு விடுகிறவள், ஐம்பது வயது, நிற்க நேரமில்லாத உடம்பு. முதுகில் ஒரு வலி விடமாட்டேன் என்கிறது, சோற்றைக் கண்டாலே வெறுப்பாக இருக்கிறது, மகள் கல்யாண வேலை தலைக்குமேல் கிடக்கிறது, ஒரு சத்து ஊசி போட்டுவிட்டால் ஓடிவிடுவேன் என்றாள். மகிழினி அவளைப் படுக்க வைத்து வயிற்றை அழுத்தினாள். விரலுக்கு அடியில், கணையம் இருக்கிற இடத்தில், எலுமிச்சம்பழம்போல ஒன்று தட்டுப்பட்டது. கண்ணின் வெள்ளையைப் பார்த்தாள். லேசான மஞ்சள்.

தினமும் பால் சங்கத்தில் ஊதுகிறீர்களா என்று கேட்டாள். ஒருநாள்கூட விட்டதில்லை என்றாள் தன்ஷிகா.

மகிழினிக்கு உள்ளங்கால் வரை சூடேறியது. கடுகாக இருந்தபோதே இது மூச்சில் வந்திருக்கும். அப்போது பிடித்திருந்தால் ஒரே ஒரு முளைக்கொல்லி ஊசி, ஒரு வாரம் கஞ்சி, அவ்வளவுதான். கருவி தூங்கியதா? ஏழு நாடும் சேர்ந்து தூங்கினார்களா? வாய் மட்டும் பழக்கத்தில் கேட்டது:

"கூட யாரு வந்திருக்காங்க?"

அண்ணன் நிதிஷ் வந்திருந்தார். அறுபதைத் தாண்டியவர், அந்தக் காலத்துப் பேர். தன்ஷிகா எடை பார்க்கப் போனாள். மகிழினி விஷயத்தைச் சொன்னாள். 'நிச்சயமாத் தெரியுமுங்களா?' என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்கிற கேள்வி. நிதிஷ் அதைக் கேட்கவில்லை. துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு நேராக அழுகைக்குப் போய்விட்டார். செய்தி கேட்டவர் அழுகிற அழுகை வேறு, அடக்கி வைத்திருந்தவர் அழுகிற அழுகை வேறு. இருபது வருடமாக இரண்டையும் பார்த்தவளுக்கு வித்தியாசம் தெரியாமல் போகுமா?

"உங்களுக்கு முன்னாலயே தெரியும்," என்றாள்.

"ஐப்பசியிலயே மிசினு கூப்பிட்டுச் சொல்லிருச்சுங்க டாக்டரம்மா," என்றார் நிதிஷ். "உங்க கொரல்லயேதான் பேசுச்சு. தங்கச்சிக்குப் போன் பண்ணி, கூட யாரு இருக்காங்க, அவங்ககிட்டக் குடுங்க, நீங்க போய் எடை பாத்துட்டு வாங்க கண்ணுன்னுச்சு. ஊட்ல தராசு இல்லீன்னு அவ தேங்காக் களத்துத் தராசுக்குப் போனாளுங்க. பொறவு என்றகிட்ட வெவரம் சொல்லி, என்ன பண்றதா இருக்கீங்கன்னு கேட்டுச்சு. புள்ள கல்யாணம் மாசியில வெச்சிருக்கறம், அது முடியட்டும்னு சொன்னனுங்க."

"அதுக்கு?"

"சரிங்கன்னு சொல்லிருச்சுங்க."

மகிழினி நாற்காலியை விட்டு எழுந்தாள். இந்த அறையில், இந்த இருபது வருடத்தில், கல்யாணம் முடியட்டும் என்று சொன்ன ஒருவரிடமாவது அவள் சரி என்று சொன்னதுண்டா? அவள் குரலை எடுத்து மாட்டிக்கொண்டு எவளோ ஒருத்தி ஊரெல்லாம் சரி சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

"டாக்டரம்மாளுக்குச் சொல்லட்டுமான்னும் கேட்டுச்சுங்க," என்றார் நிதிஷ், தரையைப் பார்த்தபடி. "நாங்கதான் வேண்டாம்னம். நீங்க சத்தம் போடுவீங்கன்னு..."

சத்தம் போட்டாள். ஐப்பசியிலிருந்து சேர்த்து வைத்த சத்தம் முழுவதையும் அன்றைக்கே போட்டாள். கல்யாணப் பந்தலில் தாயாரை நாற்காலியில் உட்கார வைத்து மாலை போடுவதற்குப் பதிலாகப் படத்துக்கு மாலை போடப் பார்த்தீர்களா என்று கேட்டாள். அந்த மனிதர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். தன்ஷிகா திரும்பி வருவதற்குள் மறுநாள் காலைக்குக் கோயம்புத்தூர் வண்டி ஏற்பாடாகிவிட்டது. ஊசி வேலை செய்கிற காலம் தாண்டிவிட்டது, இனிமேல் கத்திதான், கத்திக்குப் பிறகும் என்ன ஆகும் என்று மகிழினிக்கே தெரியாது.

தன்ஷிகா வந்து உட்கார்ந்தாள். அவளிடம், சின்னக் கட்டிதான், எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்றாள் மகிழினி. கல்யாணத்துக்குள் எழுந்துவிடுவேனா என்று அவள் கேட்டாள். "எந்திரிச்சுப் பந்தியே நீங்கதான் பரிமாறப் போறீங்க அம்மணி," என்றாள் மகிழினி. அதைச் சொன்ன வாயோடேயே, பொய் பேசும் ஒரு கருவியை நொறுக்கப் போவதாகக் கறுவிக்கொண்டு பஞ்சாயத்து ஆபீசை நோக்கி நடந்தாள்.

பஞ்சாயத்து ஆபீசின் மாடியில் நிழல்கூடம் இருந்தது. ஒரு மேஜை, சுற்றிலும் வெறும் நாற்காலிகள். கூட்டம் தொடங்கினால் தொலைதூரத்து ஆட்கள் ஒளி நிழல்களாக அந்த நாற்காலிகளில் வந்து உட்காருவார்கள். அவரவர் பேசுவதைக் காதில் மாட்டிய ஒலிபெயர்ப்பான் கேட்பவருடைய பேச்சாக மாற்றித் தரும். மகிழினி அதைக் கொங்குப் பேச்சுக்கு வைத்திருந்தாள். எதிரில் இருப்பவர் எந்தக் கண்டத்துக்காரராக இருந்தாலும் தாராபுரம் பக்கத்து ஆள் மாதிரிப் பேசினால்தான் திட்ட வசதியாக இருக்கும் என்பது அவள் காரணம். கூட்டாய்வைத் தொடங்கியவர்களில் ஒருத்தி என்பதால் அவசரக் கூட்டம் கேட்கும் உரிமை அவளுக்கு இருந்தது. கேட்டாள். ஏழு நாட்டுக்காரர்களும் ஆச்சரியப்படும் வேகத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

தலைமை நாற்காலியில் நார்வேயைச் சேர்ந்த சிக்ரித் இருந்தாள். உயரமான, எலும்பும் தோலுமான கிழவி. மகிழினிக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். காரணம், சிக்ரித்துக்குப் பொய் சொல்ல வராது. முதல் சந்திப்பிலேயே மகிழினியின் ஆய்வுக் கட்டுரையில் பாதி குப்பை என்று முகத்துக்கு நேராகச் சொன்னவள். இன்னொரு முறை, நீ கட்டியிருக்கும் புடவை நிறம் உனக்குப் பொருந்தவில்லை என்றாள். ஒரு அடிக்குறிப்புக்காக இருவரும் மூன்று கூட்டம் சண்டை போட்டிருக்கிறார்கள்.

மகிழினி தன்ஷிகாவின் கதையைச் சொன்னாள். கடுகு எலுமிச்சையான கதையைச் சொன்னாள். கருவி கண்டுபிடித்தும் சும்மா இருந்தது என்றால், கண்டுபிடிக்காத கருவியைவிட அது மோசம் என்றாள்.

சிக்ரித் மெதுவாக விளக்கினாள். மகிழினியிடமிருந்து வந்த பதிவுகளில் மூன்றில் ஒரு பங்கு வெறும் கூச்சலாக இருந்ததாம். கருவி அதை என்னவென்று புரிந்துகொள்ள முடியாமல், மின்விசிறிச் சத்தத்தோடும் வெளியே போன லாரிச் சத்தத்தோடும் சேர்த்து இரைச்சல் என்று வடிகட்டிவிட்டது. மகிழினி வராத ஒரு கூட்டத்தில் குழுவும் அதற்குச் சம்மதித்தது. மிச்சமிருந்த மகிழினி மிகவும் இனிமையானவளாக இருந்தாள். ஏழு நாட்டிலும் ஜனங்களின் மனநிறைவை அளந்து பார்த்தபோது தமிழ் மூச்சுமானிக்குத்தான் முதல் இடம். யாரும் அதிர்ச்சி அடையவில்லை, யாரும் புகார் சொல்லவில்லை, யாரும் கருவியைக் கிணற்றில் போடவில்லை. ஆகவே போன வருடத்திலிருந்து மற்ற ஆறு நாட்டுக் கருவிகளுக்கும் அதே முறையைக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். நார்வேயிலும் இப்போது நோயாளியிடம் சொல்வதில்லை, வீட்டாரிடம்தான் சொல்கிறார்கள். அங்கேயும் எல்லோருக்கும் ஏதாவது ஒன்று முடிய வேண்டியிருக்கிறது. படகுப் பருவம், பேரனின் பட்டமளிப்பு, கோடை விடுமுறை.

கென்யாவின் வஞ்சிரு, தங்கள் ஊரிலும் அப்படித்தான், வீட்டார் மிகவும் நன்றியோடு இருக்கிறார்கள் என்றாள். செத்தவர்கள் மனநிறைவுப் படிவம் நிரப்புவதில்லை என்பதை அந்த மேஜையில் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

மகிழினி மேஜையை அறைந்தாள்.

"கூட யாரு வந்திருக்காங்கன்னு நான் கேக்கறது, எடை பாக்க அனுப்பறது, அதெல்லாம் வெறும் சக்கரைப் பூச்சு சிக்ரித். திட்டறதுதான் மாத்திரை. என்ற கோபத்துக்குப் பயந்துதான் அவனவன் வண்டி ஏறினான். நீங்க மாத்திரையத் தூக்கிக் குப்பையில போட்டுட்டு, சக்கரைய ஏழு நாட்டுக்கும் பந்தி வெச்சிருக்கீங்க."

அவள் நிறுத்தவில்லை. இன்றோடு இந்த முறை ஒழிய வேண்டும் என்றாள். அண்ணன், தம்பி, மாமன், மச்சான் யாரும் நடுவில் வேண்டாம், ஊதியவர் யாரோ அவரிடமே நேராகச் சொல்ல வேண்டும், யாருடைய உடம்போ அவருடைய சேதி அது, அதை மற்றவர் மடியில் கட்டிக்கொண்டு அலைய யார் அதிகாரம் கொடுத்தது என்று கேட்டாள். அந்த அதிகாரத்தைத் தானே இருபது வருடம் அள்ளிக் கொடுத்தது அந்த நேரத்தில் அவள் நினைவுக்கு வரவில்லை. கோபம் உச்சத்தில் இருக்கும்போது யாருக்குத்தான் அவரவர் முதுகு தெரியும்?

பேசி முடித்துவிட்டுச் சண்டைக்குத் தயாராக நின்றாள். சிக்ரித் எதிர்ப்பாள், ஆதாரம் கேட்பாள், அடிக்குறிப்பு கேட்பாள் என்று அவளுக்குத் தெரியும். பதில்களை வரிசையாக வைத்திருந்தாள்.

"சரி மகிழினி," என்றாள் சிக்ரித். "நீ சொல்றபடியே செஞ்சுரலாம்."

ஒவ்வொரு நிழலாகத் தலையை ஆட்டியது. சரி, சரி, சரி. ஏழு நாட்டுக் குழு ஒரு விஷயத்தில் எதிர்ப்பில்லாமல் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை. எப்போதிருந்து நடைமுறைக்கு வரும் என்று மகிழினி கேட்டாள். கூடிய சீக்கிரம் என்றார்கள். வஞ்சிருவின் நிழல் திடீரென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு எதையோ துடைத்தது.

"சாப்ட்டியா கண்ணு?" என்று கேட்டாள் சிக்ரித்.

மகிழினி அவளையே பார்த்தாள். ஒலிபெயர்ப்பான் பழுதாகிவிட்டதோ என்று காதைத் தட்டிப் பார்த்தாள்.

"ஒடம்பப் பாத்துக்கோ," என்றாள் சிக்ரித். அவள் நிழல் அணைந்தது.

மகிழினி படி இறங்கினாள். வெற்றி பெற்றவள் நடை இல்லை அது. ஓங்கி உதைத்த கதவு ஏற்கெனவே திறந்திருந்தால் எப்படித் தடுமாறுவோம், அப்படித் தடுமாறினாள். சிக்ரித் சரி என்று சொல்கிறவள் அல்ல. சாப்பிட்டாயா என்று கேட்கிறவள் அல்லவே அல்ல. சாப்பிடாமல் மயங்கி விழுந்தால்கூட, ஏன் சாப்பிடவில்லை முட்டாளே என்று கேட்கிற ஜாதி.

அந்தச் சரியை எங்கேயோ கேட்டிருக்கிறோம் என்று பட்டது. எங்கே என்று தெருவில் பாதி தூரம் வருவதற்குள் தெரிந்துவிட்டது. தன்ஷிகாவிடம் காலையில் அவள் சொன்ன சரி அது. எழுந்து பந்தி பரிமாறுவீர்கள் என்ற சரி. நோயாளி எதைக் கேட்டாலும் உடனே கொடுத்துவிடுகிற சரி.

அதற்குப்பின் ஒவ்வொன்றாக வந்தது. உப்புக்குச் சண்டை போடாத கவின். இளநீர் வெட்டும் ரிதன்யா. தினமும் பேசும் மகள். ரவிக்கை தொளதொளத்துப்போய் இரண்டு பக்கமும் ஊக்கு குத்தியிருந்தாள், வயசான காலத்தில் உடம்பு சிக்கென்று ஆகிவிட்டது என்று கண்ணாடி முன்னால் சந்தோஷம்கூடப் பட்டிருந்தாள். ஆனால் இந்த ஊரில் ஒருவர் கால் கிலோ குறைந்தாலே, 'என்னங்க, எளச்சுட்டீங்க?' என்று வழிமறித்துக் கேட்காமல் விடமாட்டார்கள். அதற்குமேல் ரெண்டு வார்த்தை பேசத் தெரியாத ஜனங்கள் அவர்கள். சில மாதமாக அவளிடம் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை.

குழுவில் இருப்பவர்களும் தினமும் ஊத வேண்டும், அந்த முடிவு தலைவி உட்படக் குழுவில் எல்லோர் பார்வைக்கும் போக வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. ஆய்வில் ஒளிவுமறைவு கூடாது என்று அந்த விதியை அடம்பிடித்துக் கொண்டுவந்தது மகிழினிதான்.

சாயங்காலப் பாலுக்குச் சங்கத்தில் வரிசை நின்றிருந்தது. கவின் கையில் கேனோடு நடுவில் நின்றான். அவள் வந்த வேகத்தைப் பார்த்ததும் பேச்சு அப்படியே அடங்கியது. யாரையும் பார்க்காமல் நேராகப் போய்க் குழலில் வாயை வைத்து ஊதினாள். பச்சை விளக்கு எரிந்தது.

"பச்சைய வெச்சு வேற யாரையாச்சும் ஏமாத்து," என்றாள் சுவரைப் பார்த்து. "எனக்கு என்ன இருக்குது? எங்க இருக்குது? நீயா சொல்லு."

கருவி அவளுடைய குரலிலேயே, அவளுக்கே வாய்க்காத இதத்தோடு கேட்டது:

"கூட யாரு வந்திருக்காங்க?"

யாரும் வரவில்லை என்றாள். யாரும் வர வேண்டியதில்லை, நான் டாக்டர், என் உடம்பு, என்னிடம் சொல் என்றாள். "கூட யாரு வந்திருக்காங்க?" என்றது கருவி. இன்றைக்குக் குழுவே முடிவெடுத்துவிட்டது, இனிமேல் ஊதியவரிடமே சொல்ல வேண்டும் என்று சரி சொல்லிவிட்டார்கள் என்றாள். அந்தச் சரி இங்கே வந்து சேரவில்லை. வந்து சேர்கிற சரி இல்லை அது என்று சொல்லும்போதே அவளுக்குப் புரிந்தது.

அப்போதுதான் அவள் வாழ்நாளிலேயே பெரிய சத்தத்தைப் போட்டாள். சுவரைக் கையால் அறைந்தாள். எத்தனை மாதமாகத் தெரியும் என்று கேட்டாள். கடுகாக இருந்தபோது யாரிடம் சொன்னாய், எலுமிச்சையாகும் வரைக்கும் யார் சரி என்றார்கள் என்று கேட்டாள். எல்லாம் தெரிந்தும் வரிசையில் நின்ற ஊர்க்காரர்களை, வெட்டிக் கொடுத்த இளநீரை, தினமும் வந்த மகளின் போனை, எல்லாவற்றையும் இழுத்துத் திட்டினாள். அந்தத் திட்டில் பாதி வாங்கியிருந்தால் எந்தப் புருஷனும் அடுத்த நாள் காலையிலேயே பெண்டாட்டியைக் கோயம்புத்தூருக்கு வண்டி ஏற்றியிருப்பான். அந்தத் திட்டைத் திட்டுவதற்கு அவள் ஒருத்திதான் ஊரில் இருந்தாள். அவளுக்காகத் திட்ட ஆள் இல்லாமல் போய்விட்டது.

கருவி பொறுமையாகக் காத்திருந்தது. அதற்கு ஒன்றும் கேட்கவில்லை. ஒரு அளவுக்கு மேல் போன குரல் எல்லாம் அதற்கு மின்விசிறி, லாரி, இரைச்சல்.

பின்னால் கேன் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"நான் வந்திருக்கறேன்," என்றான் கவின். "வளைகாப்பு முடியட்டும்னு நாந்தான் சொன்னேன் மகி. தையில வெச்சிருக்கறம். புள்ளத்தாச்சிப் பொண்ணு, வளைகாப்புல நீ இல்லாம அவ மனசு நோகக்கூடாதுன்னு... பொறவு உடனே கூட்டிட்டுப் போலாம்னு இருந்தேன்."

மகிழினி திரும்பினாள். அவனை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வரிசையில் நின்றவர்கள் அவரவர் கேனுக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள். வரிசையின் கடைசியில் நிதிஷ் நின்றார். அவர் மட்டும் தலையைக் குனியவில்லை. காலையில் யார் யாரைத் திட்டினார்கள் என்பது அவர் முகத்தில் இருந்தது.

இரைச்சல் அடங்கிவிட்டதால் மூச்சுமானி மீண்டும் பேசியது.

"நல்லதுங்க, நீங்க இருங்க," என்றது கவினிடம். பிறகு அவளிடம், பரிவோடு, "நீங்க போய் எடை பாத்துட்டு வாங்க கண்ணு" என்றது.

மாட்டுத் தீவன மூட்டைகளை நிறுக்கும் தராசு சங்கத்தின் மறுகோடியில் இருந்தது. வரிசையில் நின்றவர்கள் விலகி, அதற்கு வழிவிட்டார்கள்.